விடாத அன்பைப் பாடியவர்: ஜார்ஜ் மேத்தசன்

மதிப்பிற்குரிய ஆயர் பெருமக்களே, அன்பான சபையாரே,

நம்முடைய பாமாலைப் புத்தகத்தில் "அன்பே விடாமல் சேர்த்துக்கொண்டீர்" என்று தொடங்கும் பாடலை அறியாதவர்கள் இந்த அவையில் சிலரே இருப்பார்கள். அதன் ஆங்கில மூலத்தை இயற்றியவர் ஸ்காட்லாந்து நாட்டுப் போதகரான ஜார்ஜ் மேத்தசன். அவர் பார்வையற்றவர் என்பதையும் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். அவரைப் பற்றி மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. இளமையில் அவருக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்ததாம். அவருக்குப் பார்வை போய்விடும் என்று தெரிந்ததும் அந்தப் பெண் விலகிப் போனாளாம். அந்த வேதனையில் பிறந்ததே இந்தப் பாடலாம். கேட்பவர்களின் கண்களில் நீரை வரவழைக்கும் கதைதான். ஆனால் பாடல் பிறந்த விதத்தை மேத்தசனே எழுதி வைத்திருக்கிறார். அதில் அப்படி ஒரு பெண்ணுக்கு இடமே இல்லை.

அவர் சொல்வது இதுதான். 1882ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் மாலை, இன்னெலன் என்னும் ஊரின் குருமனையில் அவர் தனியாக இருந்தார். அன்று அவருடைய சகோதரிக்குத் திருமணம். வீட்டார் அனைவரும் அன்றிரவு கிளாஸ்கோ நகரில் தங்கிவிட்டார்கள். தமக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒன்று நிகழ்ந்ததாகவும், அது தம் மனத்தைக் கடுமையாக வாட்டியதாகவும், அந்தத் துன்பத்தின் கனியே இப்பாடல் என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஐந்தே நிமிடங்களில் எழுதி முடித்ததாகவும், தாம் யோசித்து எழுதியதைவிட உள்ளிருந்து ஒரு குரல் சொல்லச் சொல்ல எழுதியது போலவே உணர்ந்ததாகவும் கூறுகிறார். அப்போது அவருக்கு வயது 40. பார்வை மங்கிப்போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தவிரவும், ஒரு பெண் விலகிப்போன செய்தி, "எனக்கு மட்டுமே தெரிந்தது" என்று ஒருவர் சொல்லக்கூடிய செய்தியா? அவர் மூடி வைத்ததை நாம் திறக்க முயலாமல், அவர் திறந்து காட்டியதைப் பார்ப்பதே நேர்மை என்பது என் எண்ணம்.

1842ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் கிளாஸ்கோவில் ஒரு வணிகரின் மகனாக மேத்தசன் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கண்களில் குறை தென்பட்டது. பள்ளி நாட்களில் தடித்த கண்ணாடியின் துணையோடு ஓரளவு படித்தவர், பல்கலைக்கழகப் படிப்பின்போது ஏறக்குறைய முழுமையாகப் பார்வையை இழந்தார். ஆயினும் 1862இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதன் பின்னால் அவருடைய சகோதரிகளின் உழைப்பு இருந்தது. அவருக்காகவே இலத்தீனும் கிரேக்கமும் எபிரெயமும் கற்று, வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை எழுதிக் கொடுத்தார்கள். இல்லாத காதலிக்குக் கண்ணீர் சிந்தும் நாம், இருந்த இந்தச் சகோதரிகளை ஏனோ மேடையில் அதிகம் நினைப்பதில்லை.

1868இல் அவர் இன்னெலனுக்குப் போதகராக வந்தார். கிளைடு ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரக் கரையில், கிளாஸ்கோ மக்கள் கோடையில் வந்து தங்கும் ஊர் அது. வேதபாடம், பாட்டு, பிரசங்கம் எல்லாவற்றையும் மனப்பாடமாகவே சொல்லி ஆராதனையை நடத்துவார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் சிலர், பீடத்தில் நிற்பவருக்குக் கண் தெரியாது என்பதை அறியாமலே திரும்பிப் போனதுண்டு.

அந்த ஊரில்தான் அவருக்குப் பெரிய சோதனை நேர்ந்தது. அது கண்ணைச் சார்ந்ததன்று. குருத்துவ அபிஷேகம் பெற்று வந்த புதிதில், தாம் எதையுமே நம்பாதவராகிவிட்டதை, கடவுள் உண்டு என்பதையோ மறுமை உண்டு என்பதையோ ஏற்க முடியாதவராகிவிட்டதை, அவர் பேரச்சத்தோடு உணர்ந்தார். தத்துவம் பயின்ற மனம் அவருடையது. கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பீடத்தில் ஏற அதனால் இயலவில்லை. எனவே பணியைத் துறப்பதாக, வட்டாரத்துச் சபைகளை மேற்பார்வையிடும் பிரஸ்பிட்டரி என்னும் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார். பழைமைப் பிடிப்புக்குப் பெயர்போன மலைநாட்டுப் பிரஸ்பிட்டரி அது. ஆனாலும் அதன் மூப்பர்கள் விலகலை ஏற்க மறுத்து, "நீர் இளைஞர், மாறுவீர்" என்று சொல்லி அவரைப் பணியிலேயே வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் இதை அவர்களுடைய பெருமையாகவே குறிப்பிட்ட மேத்தசன், தாம் மாறியதையும் சொன்னார். நம்பிக்கை தளர்ந்த ஓர் இளம் போதகர் இன்று உண்மையைச் சொன்னால் நம் சபைகள் என்ன செய்யும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஜெர்மன் இறையியலைப் பற்றி 1874இல் அவர் வெளியிட்ட நூல் நல்ல பெயர் பெற்றது. அதன்பின் கிறிஸ்தவத்தின் வளர்ச்சியைப் பற்றி எழுதிய நூலில் பிழைகள் இருப்பதைத் திறனாய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். மூல நூல்களைத் தாமே புரட்டிச் சரிபார்க்க முடியாத ஒருவருக்கு வரலாற்று ஆராய்ச்சி எவ்வளவு கடினம் என்பது அப்போது தெளிவாயிற்று. அவர் மெல்ல மெல்லத் தியான நூல்களின் பக்கம் திரும்பினார்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பாடலைப் பாருங்கள். நான்கு சரணங்களிலும் அவர் நான்கை விளித்துப் பேசுகிறார்: அன்பு, ஒளி, மகிழ்ச்சி, சிலுவை. அன்பு அவரை விட மறுக்கிறது. ஒளி வழியெல்லாம் பின்தொடர்கிறது. மகிழ்ச்சி வேதனையின் ஊடே அவரைத் தேடி வருகிறது. சிலுவை அவருடைய தலையை உயர்த்துகிறது. மனிதன் எங்கும் கடவுளைத் தேடிப் போவதாக இல்லை. தன் கையிலிருக்கும் மங்கிய தீவட்டியைத் திருப்பிக் கொடுப்பது ஒன்றே அவன் செய்வது. ஒளியை விளிப்பவர் பார்வையற்றவர் என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். தம் கையிலிருந்த நம்பிக்கை ஒருமுறை அணைந்துபோனதைக் கண்டவர் என்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். விடாத அன்பு என்று அவர் சொல்வது, தாம் விட்டுவிட்ட காலத்திலும் தம்மை விடாதிருந்த அன்பையே என்று நான் வாசிக்கிறேன்.

அந்தப் பாடலைத் தாம் பின்னர் திருத்தவே இல்லை என்றார் மேத்தசன். ஆயினும் பாடற்புத்தகக் குழுவின் வேண்டுகோளுக்கிணங்க ஒரே ஒரு சொல் மாற்றப்பட்டது. 1884இல் ஆல்பர்ட் பீஸ் என்னும் இசைவல்லுநர் அதற்கு மெட்டமைத்தார். முதல் சுரத்தின் மை உலர்வதற்குள் மெட்டு முடிந்துவிட்டதாக அவரும் சொன்னார்.

1885இல் விக்டோரியா மகாராணியார் பால்மோரல் மாளிகைக்கு அவரை அழைத்து, யோபுவைப் பற்றிய அவருடைய பிரசங்கத்தைக் கேட்டார். மறு ஆண்டு எடின்பரோவின் புனித பெர்னார்டு ஆலயத்துக்குப் பொறுப்பேற்று, 1899 வரை அந்தப் பெரிய சபையில் பணியாற்றினார். 1906 ஆகஸ்டு 28ஆம் நாள் காலமானார். எடின்பரோவில் பணியாற்றிய காலத்தில், 1890இல், தம் பக்திப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். அத்தொகுப்பில் உள்ள ஒரு பாடலில், ஆண்டவர் தம்மைச் சிறைப்படுத்தினால்தான் தமக்கு விடுதலை என்றும், தம் வாளை அவரிடம் ஒப்படைத்தால்தான் வெற்றி என்றும் பாடுகிறார். தாமாகவே விலகிக்கொள்ள எழுதிக் கொடுத்து, விடுவிக்கப்படாமல் பீடத்துக்குத் திரும்பிய போதகர் பாடிய பாடல் அது.