160 பந்துகளுக்கு மறுநாள்

எல்லாருக்கும் வணக்கம். பேஸ்பால் நம் பக்கம் அதிகம் ஆடாத ஆட்டம், விதிகளும் பலருக்குத் தெரியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு விதிகள் அதிகம் தேவைப்படாது. பந்து எறிபவர் பிட்சர், மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அதைப் பிடிப்பவர் கேட்சர், ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஒரு பக்கத்தில் மூன்று பேர் அவுட் ஆனால் அந்தப் பக்கம் முடிந்தது. இவ்வளவு போதும். நான் பேச வந்தது ஜப்பானின் வடகிழக்கில் இருக்கிற தோஹோகு என்ற பகுதியைப் பற்றி, அங்கே சென்டாய் நகரத்து அணியான ராகுட்டென் கோல்டன் ஈகிள்ஸ் 2013-இல் பட்டம் வென்ற கதையைப் பற்றி.

ஜப்பானில் பேஸ்பால் என்றால் நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி. ஆனால் தோஹோகுவுக்கு என்று ஒரு தொழில்முறை அணி நெடுங்காலம் இல்லை. டோக்கியோவிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிற சென்டாயில் 1970-களில் லோட்டே என்ற அணி சில வருடம் குடியிருந்தது. குடியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஊன்றவில்லை. 1974-இல் அந்த அணி ஜப்பான் சீரிஸ் என்கிற இறுதித் தொடரை ஜெயித்தது, ஆனால் சொந்த மைதானத்து ஆட்டங்கள் என்று கணக்கில் வந்தவை டோக்கியோவில் நடந்தன, சென்டாய்க்காரர்கள் தங்கள் ஊர் அணியின் இறுதித் தொடரைத் தங்கள் ஊரில் பார்க்கவில்லை. அப்புறம் அந்த அணியும் போய்விட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 2013-ஐப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

2004-இல் ஒசாகா, கோபே பக்கத்து இரண்டு அணிகளை ஒன்றாக இணைக்கப் போவதாக முதலாளிகள் முடிவெடுத்தார்கள். வீரர்கள் கொதித்தார்கள். கேட்சர் அட்சுயா ஃபுருதா தலைமையில் செப்டம்பர் 18, 19 இரண்டு நாளும் வேலைநிறுத்தம், ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பால் வரலாற்றில் அதுதான் முதல் முறை. இணைப்பு நிற்கவில்லை, ஆனால் புதிதாக ஒரு அணியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஐம்பது வருடத்தில் முதல் புது அணி. சென்டாய்க்குக் கிடைத்தது. ஆட்கள் யார்? இணைந்த அணி தனக்கு வேண்டியவர்களை முதலில் எடுத்துக்கொண்டு விட்டதுபோக மீதி. பிட்சர் ஹிசாஷி இவாகுமா மட்டும், எடுத்துக்கொள்கிறோம் என்றவர்களிடம் வரமாட்டேன் என்று சொல்லிப் பிடிவாதமாக இங்கே வந்தார்.

2005 சீசனின் முதல் ஆட்டத்தை இவாகுமா எறிந்து ஜெயித்துக் கொடுத்தார். மறுநாள் 26-0 என்று தோற்றார்கள். சீசன் முடிவில் 38 வெற்றி, 97 தோல்வி. இப்படி ஒரு அணியை ஒரு ஊர் கைவிட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது. சென்டாய் கைவிடவில்லை, ஏனென்றால் தோற்றாலும் இது தங்கள் வீட்டில் வந்து தோற்கிற அணி.

சரி, 2011 மார்ச் 11. நிலநடுக்கம், 9.0 அளவு, அப்புறம் கடல். அந்தச் சொல்லை நமக்கு விளக்க வேண்டியதில்லை. சுனாமி என்ற ஜப்பானியச் சொல் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தோஹோகுவின் கடற்கரை முழுக்க ஊர் ஊராகப் போயிற்று, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 18,500 பேர். அன்றைக்கு ஈகிள்ஸ் அணி சென்டாயில் இல்லை, மேற்கே அகாஷி என்ற ஊரில் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் மனைவி, குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் தவித்த வீரர்கள் இருந்தார்கள். ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள், போக முடியவில்லை. விமான நிலையம் தண்ணீரில், சாலைகள் நிவாரணத்துக்கு. ஒரு மாதம் அவர்கள் வேறு வேறு ஊரில் ஆட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள், ஊரில் மக்கள் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது நியாயமா என்று ஒரு விளையாட்டுக்காரன் தன்னைக் கேட்டுக்கொள்கிற அந்தக் கேள்வி இருக்கிறதே, அதற்கு யாரிடமும் லேசான பதில் கிடையாது.

ஏப்ரல் 2-ஆம் தேதி சப்போரோவில் நிதி திரட்டும் ஆட்டம். கேட்சர் மோட்டோஹிரோ ஷிமா, அப்போது 26 வயது, ஒலிபெருக்கி முன் நின்று பேசினார். 'காட்டுவோம், பேஸ்பாலின் அடிபலத்தை' என்றார். அவர் சொன்ன ஜப்பானியச் சொல் சொகோஜிகாரா. சாதாரண நாளில் வெளியே தெரியாமல் அடியில் கிடந்து, எல்லாம் போன பிறகு தோண்டினால் வருகிற பலம். மணலுக்கு அடியில் ஊற்று மாதிரி. ஜப்பான் முழுக்க அந்தப் பேச்சு பரவியது. ஏப்ரல் 7-ஆம் தேதிதான் அணி சென்டாய்க்குத் திரும்பியது, அன்று இரவே மறுபடி பெரிய அதிர்வு. ஏப்ரல் 29-ஆம் தேதி, சீர்செய்த மைதானத்தில் முதல் ஆட்டம். மசாஹிரோ தனாகா என்ற 22 வயதுப் பையன் ஒன்பது இன்னிங்ஸும் தானே எறிந்து 3-1 என்று ஜெயித்துக் கொடுத்தான்.

இங்கே கதையை முடித்தால் இனிக்கும். ஆனால் அந்த வருடம் ஈகிள்ஸ், ஆறு அணிகள் ஆடுகிற தன் லீக்கில் ஐந்தாவது. அடுத்த வருடம் நான்காவது. நல்ல பேச்சு பேசிவிட்டால் மட்டையில் பந்து பட்டுவிடாது. ஷிமாவுக்கு அந்த வார்த்தையே பெரிய பாரமாகவும் ஆனது. எனக்கு இந்த இரண்டு வருடமும் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் மக்களும் அப்போது தற்காலிகத் தகரக் குடியிருப்புகளில்தான் இருந்தார்கள், அவர்களுக்கும் எதுவும் சட்டென்று சரியாகவில்லை.

2013-இல் எல்லாம் கூடி வந்தது. அமெரிக்காவிலிருந்து ஆண்ட்ரூ ஜோன்ஸ், கேசி மெக்கீ, இருவரும் சேர்ந்து 54 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. நோரிமோட்டோ என்ற புதுமுகப் பிட்சர், முதல் வருடமே அவர் பெயரில் 15 வெற்றி. பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சர் கணக்கிலும் எழுதுவார்கள். கின்ஜி என்ற மட்டையாளர். கின்ஜியைப் பற்றி ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். அவர் ஊர் ஃபுடாய், தோஹோகுவிலேயே இவாத்தே கடற்கரையில் ஒரு சின்னக் கிராமம். அங்கே வமுரா என்ற ஊர்த்தலைவர் பழைய சுனாமிகளை மறக்காதவர், இவ்வளவு உயரமா, பணம் பாழ் என்று பலர் எதிர்த்தும் 15.5 மீட்டர் உயரத்துக்கு ஒரு பெரிய வெள்ளக் கதவைக் கட்ட வைத்தார். 1984-இல் கட்டி முடிந்தது, அவர் 1997-இல் காலமானார். 2011-இல் துறைமுகம் போயிற்று, ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்த வீடுகள் நின்றன. அந்த ஊர்ப் பிள்ளை ஈகிள்ஸ் அணியில், அந்த வருடம் .317 சராசரி, அதாவது பத்து முறை ஆடினால் மூன்று முறைக்கு மேல் நல்ல அடி. அணியில் பலர் வெளியூர்க்காரர்கள்தான், தனாகாவும் ஷிமாவும்கூட. கின்ஜி மண்ணின் பிள்ளை.

தனாகா? 24 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. மறுபடி சொல்கிறேன், 24-0. ஜப்பானில் அதற்கு முன் எவரும் இத்தனை வெற்றியோடு, தோல்வியே இல்லாமல் ஒரு சீசனை முடித்ததில்லை. லீக் பட்டம் முடிவான செப்டம்பர் 26-ஆம் தேதி கடைசி இன்னிங்ஸில் அவர்தான் வந்தார், ஒரு ஓட்டம் முன்னிலை, எதிரணி ஆட்கள் இரண்டாவது, மூன்றாவது பேஸில், அதாவது ஓட்டம் எடுக்கச் சுற்றி ஓடித் தொட வேண்டிய இடங்களில் நிற்கிறார்கள், அடுத்து வந்த இரண்டு மட்டையாளர்களையும் அவுட்டாக்கி அனுப்பினார்.

இறுதித் தொடரில் எதிரே யோமியூரி ஜயண்ட்ஸ். அப்போதே 22 முறை பட்டம் வென்ற அணி, டோக்கியோவின் அணி. ஈகிள்ஸ் மேலாளர் ஹோஷினோவுக்கு இந்த ஜயண்ட்ஸ் மீது ஆட்டக்கார நாளிலிருந்தே தீராத வேகம். மேலாளராக மூன்று முறை இறுதித் தொடருக்கு வந்து மூன்று முறையும் தோற்றவர், வயது 66. நான்கு ஆட்டம் ஜெயித்தால் பட்டம். ஐந்தாவது ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனது, முன்னிலை தந்த அடி கின்ஜியுடையது. தொடரில் 3-2, ஈகிள்ஸ் முன்னிலை. அடுத்தது சென்டாயில், எறியப்போவது தனாகா. எல்லாரும் கொண்டாடத் தயாராகத்தான் வந்தார்கள்.

தோற்றார். நவம்பர் 2, 4-2. ஒரு வருடத்துக்கும் மேலாகத் தோல்வியே தெரியாதவர், அன்றைக்குப் பார்த்து. ஆனாலும் மைதானத்தை விட்டு இறங்கவில்லை, 160 பந்து எறிந்து முடித்தார். கிரிக்கெட் கணக்கில் 26 ஓவருக்கும் மேல், ஒரே ஆள், ஒரே ஆட்டத்தில். ஜப்பானில் இப்படி எறிந்த பிட்சருக்கு வழக்கமாக ஒரு வார ஓய்வு.

மறுநாள் ஞாயிறு, மழை. மனாபு மிமா ஆறு இன்னிங்ஸ் ஓட்டமே தரவில்லை, நோரிமோட்டோ இரண்டு. 3-0. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கப்போகிறது, ஹோஷினோ நடுவரிடம் போய்ப் பெயர் சொல்கிறார். தனாகா. மைதானம் முழுக்க மழையில் நின்றுகொண்டு அவர் வரும்போது போடுகிற பாட்டை ஒரே குரலில் பாடியது. அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், பந்து எறியத் தொடங்கும் முன்பே எனக்குக் கண் நிறைந்துவிடும்.

ஆட்டத்தை ஜெயிக்க அவர் தேவைப்படவில்லை, நோரிமோட்டோவே முடித்திருப்பார். கையைக் காப்பாற்றுவது என்று பார்த்தால் அது தவறான முடிவு, ஒரு பயிற்சியாளர் பள்ளிப் பையனுக்கு இதைச் செய்தால் நான் சண்டைக்குப் போவேன். தனாகா தானே கேட்டார், ஹோஷினோ கொடுத்தார், இந்த அணியை இங்கே வரை கொண்டு வந்தவன் கையில்தான் முடிய வேண்டும் என்று. அந்த ஊரும் அதைத்தான் கேட்டது. 2005-இல் 26-0 தோல்வியைப் பார்த்தவர்கள், 1974-இல் தங்கள் ஊருக்கு வராத இறுதித் தொடரை நினைவில் வைத்திருந்தவர்கள், வீட்டையும் ஆட்களையும் இழந்தவர்கள், எல்லாரும் அந்த மழையில் இருந்தார்கள். களைத்த கை, இரண்டு பேரைப் பேஸுக்கு விட்டார். இரண்டு அவுட். கடைசி மட்டையாளர் மட்டையை வீசினார், பந்து படாமல் கீழே இறங்கிப் போயிற்று, தனாகா திரும்பி இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினார், ஷிமா ஓடி வந்தார்.

நவம்பர் 24-ஆம் தேதி சென்டாய் வீதியில் ஊர்வலம், 2 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அடுத்த வருடம் தனாகா நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போனார், ஈகிள்ஸ் மறுபடி கடைசி இடம். ஹோஷினோ 2018 ஜனவரியில் காலமானார். 2021-இல் தனாகா சென்டாய்க்குத் திரும்பி வந்தார், நிலநடுக்கத்துக்குப் பத்தாவது ஆண்டு இது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். அந்த சீசனில் அவருக்கு 4 வெற்றி, 9 தோல்வி. சென்டாய் மக்கள் அவர் எறிகிற நாளுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.