250 வாட் மோட்டார் குன்னூர் மலை ஏறுமா? சைக்கிள் கிட் வாங்கும் முன் மலை ரயிலைப் பாருங்கள்

(காட்சி: கல்லாறு. நீலகிரி மலை ரயில் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டங்கள், அதாவது பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள்.)

வணக்கம். சாதாரண சைக்கிளில் மின் கிட் ஒன்றைப் பொருத்திக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற முடியுமா? முடியும். ஆனால் கடையில் முதலில் எடுத்துக் காட்டும் கிட் அதற்கு உதவாது. ஏன் என்பதை இந்தத் தண்டவாளத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

கிட் என்பது மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர், பெடல் சுழல்வதை உணரும் சென்சார், பிரேக் பிடித்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் லீவர் ஆகியவை அடங்கிய தொகுப்பு. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் முக்கிய வரம்பு.

இப்போது ரயிலுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12 அடிக்கு 1 அடி. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் அதில் வழுக்கும் என்பதால், நடுவே இரண்டு பல்சட்டங்களை, ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வரும்படி பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போது அடுத்தது ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள்: இரண்டு சாதாரண சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. இத்தனை ஏற்பாடு செய்தும் அது பல்சட்டத்தில் ஏறும் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான்.

அதே சரிவில் நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், 250 வாட் முழுமையாகச் சக்கரத்துக்கு வந்து சேரும்போது கிடைக்கும் வேகம் சுமார் 11 கிலோமீட்டர். நூற்றாண்டு கடந்த நம் மலை ரயிலோடு சைக்கிள் கிட்டத்தட்ட இணையாக ஏறும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

ஆனால் அந்த 250 வாட் சக்கரத்துக்கு வந்து சேர வேண்டுமே! சக்கரத்தின் நடுவில் அமரும் ஹப் மோட்டார், சமதளத்தில் 25 கிலோமீட்டரில் சுழல்வதற்காகச் செய்யப்பட்டது; அதைப் பத்து கிலோமீட்டரில் இழுக்க வைத்தால் மின்சாரத்தின் பெரும் பங்கு வெப்பமாகிவிடும். பெடல் அச்சில் பொருத்தும் மிட் டிரைவ் மோட்டாரோ செயின் வழியாக இழுப்பதால், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்கு கியரை மாற்றிவிட்டால் வண்டி மெதுவாக நகர்ந்தாலும் மோட்டார் தனக்குரிய வேகத்திலேயே சுழலும். மலைக்கு வாட்டைவிட கியர்தான் முக்கியம் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். பள்ளியில் கொடுத்த கியர் இல்லாத சைக்கிளில் இந்தப் பயன் கிடைக்காது.

முன்சக்கர ஹப் மோட்டாரை இங்கே தவிர்த்துவிடுங்கள். கோத்தகிரிச் சாலையில் பனிமூட்டத்தால் நனைந்த ஒரு மேட்டில், உடல் எடை முழுவதும் பின்னால் சாய்ந்துவிட, என் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று ஹேண்டில் பக்கவாட்டில் திரும்பியதை நான் இன்னும் மறக்கவில்லை.

பேட்டரிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயர வேறுபாடு சுமார் 1,380 மீட்டர். அந்த 90 கிலோவைத் தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 340 வாட் மணி வேண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 360. மோட்டாரின் இழப்பையும் சாலையின் உராய்வையும் கழித்தால், வேலையில் மூன்றில் ஒரு பங்கை உங்கள் கால்கள்தான் செய்ய வேண்டும். இறங்கும்போது அதே ஆற்றல் பிரேக்கில் வெப்பமாக வெளிவரும். ஆகவே கிட்டுக்கு முன்பே நல்ல டிஸ்க் பிரேக்குக்குப் பணம் ஒதுக்குங்கள்.

ஊட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தலைகுந்தாவில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் பேட்டரியை வெளியே விடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியை அப்படியே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். வீட்டுக்குள் வைத்து, தொட்டால் சில்லென்று இல்லாத நிலைக்கு வந்த பிறகு சார்ஜரில் போடுங்கள்.

உங்கள் சைக்கிளில் எத்தனை கியர், தினமும் எந்த மேட்டில் ஏறுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் உங்கள் மேட்டுக்கே கணக்குப் போடுகிறேன்.