வெறும் வயல் போட்டோவைப் பார்த்து போலீஸ் ஏன் கதவைப் பூட்டுச்சு?

(திரை: இருட்டு. டார்ச் வெளிச்சம் பட்ட நெல்வயல்.)

இந்தப் படத்தை நல்லாப் பாருங்க. என்ன தெரியுது? வயல். நெல்லு. ராத்திரி. அவ்வளவுதானே?

இந்த மாதிரி படங்களை வச்சு ஒரு கண்காட்சி நடத்தப் பார்த்தாங்க. பிணத்தைக் காட்டுற படம் அதுல இல்ல. யாரையும் அடிக்கிற, சுடுற படமும் இல்ல. ஆனா திறப்பு விழா அன்னைக்கு மக்கள் வர்றதுக்கு முன்னாடியே போலீஸ் வந்து வாசலை மறிச்சு நின்னுருச்சு.

வணக்கம் மக்களே. ஊர் டாக்கா. தேதி 2010 மார்ச் 22. இடம் தன்மோண்டியில இருக்கிற த்ரிக் கேலரி. கண்காட்சியோட பேரு 'கிராஸ்ஃபயர்'. படம் எடுத்தவர் ஷாஹிதுல் ஆலம், வங்கதேசத்தோட பேர்பெற்ற போட்டோகிராஃபர்.

பின்னணியை வேகமா ஓட்டிடுறேன், தூங்கிடாதீங்க. 2004-ல வங்கதேச அரசு ஒரு சிறப்புப் படை ஆரம்பிச்சது. ரேபிட் ஆக்‌ஷன் பட்டாலியன், சுருக்கமா ராப். கறுப்பு யூனிஃபார்ம், தலையில கறுப்புத் துணி, கறுப்புக் கண்ணாடி. நம்ம ஹீரோ இன்ட்ரோ சீன் மாதிரியே. ஆரம்பிச்சது ஒரு கட்சி. விசாரணை இல்லாத கொலைகளை நிறுத்துவோம்னு 2008 தேர்தல் அறிக்கையில எழுதி ஜெயிச்சது இன்னொரு கட்சி. கொலை நின்னுச்சான்னு கேட்டா, இல்ல. பின்னணி முடிஞ்சுது.

இப்ப 'கிராஸ்ஃபயர்'ங்கிற வார்த்தைக்கு வருவோம். ராப் ஒருத்தரைப் பிடிக்கும். அடுத்த நாள் அவர் செத்துட்டார்னு அறிக்கை வரும். கதை எப்பவும் ஒண்ணுதான். ஆயுதம் பதுக்கி வச்ச இடத்தைக் காட்டச் சொல்லி அவரை நடுராத்திரியில கூட்டிட்டுப் போனாங்களாம். அங்க ஒளிஞ்சிருந்த கூட்டாளிங்க சுட்டாங்களாம். இவங்க திருப்பிச் சுட்டாங்களாம். ரெண்டு பக்கமும் சரமாரியா குண்டு பறந்ததுல நடுவுல நின்ன அந்தக் கைதி மட்டும் செத்துட்டாராம். ஆளு மாறும், ஊரு மாறும், தேதி மாறும், கதை மட்டும் மாறாது.

சிரிக்காதீங்க. நம்ம ஊர்ல இதுக்கு 'என்கவுன்ட்டர்'னு பேரு. அதோட சின்னத் தம்பி ஒருத்தன் இருக்கான், 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்'. கையில மாவுக்கட்டோட போட்டோ வந்தா கமென்ட்ல நாமளே ஸ்மைலி போடுறோம். தியேட்டர்ல என்கவுன்ட்டர் சீனுக்கு விசில் அடிச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன்தான், மறைக்கல. டாக்காவுலயும் அப்படித்தான். ஆரம்பத்துல ரவுடி ஒழிஞ்சான்னு மக்கள் சந்தோஷப்பட்டாங்க. விஷயம் யாருக்கும் தெரியாம இல்ல. பத்திரிகையில வந்துச்சு, மனித உரிமை அமைப்புங்க அறிக்கை போட்டுச்சு. எல்லாரும் படிச்சுட்டு பக்கத்தைப் புரட்டிட்டுப் போனாங்க.

ஆலமுக்கு இருந்த சிக்கல் இதுதான். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயத்தை எப்படிப் படம் எடுக்கிறது? அதுவும், நடந்தப்போ எந்தக் கேமராவும் பக்கத்துல இல்ல. செத்தவர் பேச மாட்டார், சுட்டவர் உண்மையைப் பேச மாட்டார்.

அவரோட குழு ஒவ்வொரு சாவா எடுத்து விசாரிச்சாங்க. பிணம் கிடந்தது எங்க, எந்த நேரம், பக்கத்துல இருந்தவங்க என்ன பார்த்தாங்க, என்ன கேட்டாங்க. அந்தத் தகவலை வச்சுதான் படங்களை அமைச்சாரு. ஆதாரம்னு கோர்ட்ல குடுக்குற படம் இல்ல அது. அந்த ராத்திரியில அந்த ஆளோட கண்ணுக்குக் கடைசியா என்ன தெரிஞ்சிருக்கும்னு உங்களை அந்த இடத்துல கொண்டுபோய் நிறுத்துற படம். வயல்ல ஆளே இல்லாததால, அங்க நிக்கிற ஆளு நீங்கதான்.

(திரை: பஞ்சாங்கத்தோட அட்டை.)

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். எடிட்டர் தம்பி வெட்டச் சொன்னான், முடியாதுன்னுட்டேன்.

கேலரி பேரு த்ரிக்னு சொன்னேன்ல? சமஸ்கிருதத்துல அதுக்குப் பார்வைன்னு அர்த்தம். இந்த வார்த்தை உங்க வீட்டுலயும் இருக்கு. நாள்காட்டிக்குப் பக்கத்துல ஆணியில தொங்குது. திருக்கணிதப் பஞ்சாங்கம்! அந்தத் 'திருக்'கும் இந்த 'த்ரிக்'கும் ஒரே சொல்லுதான். நான் பல வருஷமா அது 'திருக்குறள்' மாதிரி மரியாதைக்குச் சேர்த்த 'திரு'ன்னு நினைச்சிட்டிருந்தேன்.

நம்ம ஊர்ல ரெண்டு பஞ்சாங்கம். வாக்கியப் பஞ்சாங்கம், பழைய வாய்பாட்டை அப்படியே வச்சுக் கணக்குப் போடுறது. திருக்கணிதம், வானத்துல கிரகம் இப்ப நிஜமா எங்க இருக்குன்னு பார்த்துத் திருத்திப் போடுறது. ரெண்டும் ஒத்துப்போகாது. 2025 மார்ச் 29 சனிப்பெயர்ச்சின்னு திருக்கணிதக்காரங்க சொன்னாங்க. இந்த வருஷம் இல்ல, 2026-லதான்னு திருநள்ளாறு கோயில்ல சொல்லிட்டாங்க, ஏன்னா அங்க வாக்கியம்தான். ஞாபகம் இருக்கா, ஊரே குழம்பிப்போய் ஜோசியருக்குப் போன் போட்டுச்சு.

நான் ஜோசியச் சண்டைக்குள்ள போகல, கமென்ட்ல அடிச்சுக்காதீங்க. அரசாங்கம் வச்சிருந்த கிராஸ்ஃபயர் கதை இருக்கே, அது அச்சு அசல் வாக்கியம். வாய்பாடு. பேரை மட்டும் மாத்திப் போட்டா அறிக்கை தயார். அதை மறுத்துக் கத்தாம, சம்பவ இடத்துக்குப் போய்ப் பார்த்து கணக்கைத் திருத்துறது த்ரிக்கோட வேலை. 1989-ல அந்தப் பேரை வச்சவங்க பஞ்சாங்கத்தை நினைச்சு வச்சிருக்க வாய்ப்பே இல்ல. ஆனா எனக்கு இந்தப் பொருத்தம் கிடைச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

சரி, கதவு பூட்டின கதைக்கு வாங்க. அனுமதி வாங்கலன்னு போலீஸ் சொன்ன காரணம். கண்காட்சியைத் திறக்கக் கல்கத்தாவுலருந்து வந்திருந்தவர் யாரு தெரியுமா? எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி. எண்பதைத் தாண்டின வயசு, பழங்குடி மக்களுக்காக வாழ்நாள் முழுக்க நின்னவங்க. உள்ள விடலையா, பரவாயில்ல, தெருவுலயே திறந்து வச்சிடலாம்னு நடுரோட்டுல கண்காட்சியைத் திறந்து வச்சாங்க. உள்ள போயிருந்தா இருநூறு பேர் பார்த்துட்டு டீயும் சமோசாவும் சாப்பிட்டுக் கலைஞ்சிருப்பாங்க. பூட்டினதால நாடே என்ன படம்னு கேக்க ஆரம்பிச்சிருச்சு. ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க, தடுத்தது ஏன் சட்டவிரோதம் ஆகாதுன்னு கோர்ட் அரசைக் கேட்டுச்சு, மார்ச் முடியறதுக்குள்ள போலீஸ் கிளம்பிருச்சு. 2012-ல அதே படங்கள் நியூயார்க் குயின்ஸ் மியூசியம் வரைக்கும் போச்சு. இலவச விளம்பரம்னா இதான்.

த்ரிக்குக்கு இது புதுசும் இல்ல. அதுக்கு முந்தின நவம்பர்லதான் திபெத் பத்தின ஒரு கண்காட்சியைப் போலீஸ் பூட்டுச்சு. சீனத் தூதரகத்துக்குப் பிடிக்கல. அதுக்கும் முன்னாடி, 2000-ல முதல் சோபி மேளா, அதாவது அவங்க நடத்துற போட்டோ திருவிழா. 1971 போரைப் பத்தின படங்களை தேசிய மியூசியத்துல வைக்க ஏற்பாடு. சில படங்களை எடுத்துடுங்கன்னு மியூசியம் சொல்ல, மொத்தப் படத்தையும் எடுத்துட்டு வந்து தங்களோட சொந்தக் கேலரியிலேயே மாட்டிட்டாங்க.

அந்தத் திருவிழாவுல எனக்குப் பிடிச்சது ரிக்‌ஷா வண்டி. நம்ம மீன்பாடி வண்டி மாதிரி சரக்கு ஏத்துற மூணு சக்கர சைக்கிள் வண்டி. அதுல படங்களைக் கட்டி, கேலரி வாசப்படி ஏறாத மக்கள் இருக்கிற தெருவுக்கும் சந்தைக்கும் ஓட்டிட்டுப் போனாங்க. ஏசி ஹால்ல கை கட்டிட்டு நின்னு 'ம்ம்ம், ஆழமா இருக்கு'ன்னு சொல்ற கூட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். காய்கறி வாங்க வந்த அக்கா படத்தைப் பார்த்து 'இது எந்த ஊரு, இவனை ஏன் அடிக்கிறாங்க'ன்னு கேட்டா, அதுக்கு மேல ஒரு கருத்தரங்கம் தேவையா?

(திரை: கோரைப்பாய் ஒண்ணு விரிக்கப்படுது.)

அடுத்தது பாய். நெஜமாவே பாய்தான்.

கல்பனா சக்மா. வங்கதேசத்தோட சிட்டகாங் மலைப்பகுதியைச் சேர்ந்த பழங்குடிப் பெண். மலைப் பெண்கள் கூட்டமைப்போட அமைப்புச் செயலாளர். 23 வயசு. 1996 ஜூன் 12, நாடாளுமன்றத் தேர்தல் அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி வீட்டுல இருந்து கடத்திட்டுப் போனாங்க. கூட இழுத்துட்டுப் போன அண்ணன்மார் தப்பிச்சு வந்து, வந்தவங்க யாருன்னு அடையாளம் சொன்னாங்க. பக்கத்து முகாமைச் சேர்ந்த ராணுவ அதிகாரியோட பேரையும் சொன்னாங்க. கல்பனா இன்னைக்கு வரைக்கும் திரும்பல.

மறுபடியும் அதே சிக்கல்தான். இல்லாத ஆளை எப்படிப் படம் எடுக்கிறது?

ஆலம் அந்த வீட்டைத் தேடிப் போனாரு. கட்டில் கிடையாது, நாற்காலி கிடையாது. வெறும் தரையில பாய் விரிச்சுப் படுத்த பொண்ணு. சரி, அப்ப போட்டோ பேப்பர் வேண்டாம், பாயிலயே படம் வரட்டும்னு முடிவு பண்ணாரு. கல்பனாவுக்காக விடாம போராடுறவங்களை ஒவ்வொருத்தரா படம் எடுத்து, அந்த முகங்களைப் பாயில பதிச்சாரு. எப்படிப் பதிச்சாருங்கிறதுதான் இன்னும் பெரிய விஷயம். மையால இல்ல, லேசரால சுட்டு. துணி ஆலைங்கள்ல பயன்படுத்துற லேசர் மெஷினு. வங்கதேசம் முழுக்க கார்மென்ட்ஸ்தானே, மெஷினுக்குப் பஞ்சம் இல்ல. ஏன் சுடணும்? அந்த மலையில பழங்குடி ஊர்களைத் தீ வச்சு எரிச்சிருக்காங்க. எரிச்ச அதே தீயால முகத்தை வரைஞ்சுட்டாரு.

கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. லேசர் குறைஞ்சா முகம் தெரியாது, கூடிப்போனா பாய் ஓட்டையாயிடும். கருகின கோடு கோடா ஒரு கண்ணு, ஒரு மூக்கு, கோரையோட நெளிவு மேல. கல்பனா காணாமப் போய் சரியா 19 வருஷம், 2015 ஜூன் 12 அன்னைக்குத் திறந்தாங்க. பாயை நாம சுருட்டி மூலையில வைக்கிற பொருளாத்தான் பார்த்திருக்கோம். பத்தமடைப் பாயில மணமக்கள் பேரு நெய்து பார்த்திருக்கோம். இப்படி ஒரு பாயை நான் பார்த்ததே இல்ல.

அந்த ஐடியா எங்கருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். ஆலம் லண்டன்ல கெமிஸ்ட்ரியில டாக்டர் பட்டம் வாங்கின மனுஷன்! அதை மூட்டை கட்டி வச்சுட்டு கேமராவைத் தூக்கினவர். நம்ம வீட்டுல இப்படிச் செஞ்சா 'இவ்வளவு படிச்சுட்டுக் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கப் போறியா'ன்னு அம்மா ஒரு வாரம் சாப்பிட மாட்டாங்க. ஆனா ஒரு பொருள் எதுல எரியும், எதுல பதியும்னு யோசிக்கிற புத்தி அந்த லேப்ல இருந்து வந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன். என் கருத்துதான், சண்டைக்கு வராதீங்க.

இப்ப சீக்கிரமா கைது. 2018-ல டாக்காவுல பள்ளிப் பசங்க பஸ் மோதிச் செத்ததுக்கு நியாயம் கேட்டு மாணவர்கள் ரோட்டுக்கு வந்தாங்க. அதைப் பத்தி ஆலம் அல் ஜசீராவுல பேசினாரு. ஆகஸ்ட் 5 ராத்திரி வீட்டுக்கு வந்து தூக்கிட்டாங்க. மறுநாள் கோர்ட்டுக்கு வெறுங்காலோட, நடக்க முடியாம வந்தாரு. இந்தியாவுல இருந்து போட்டோகிராஃபர் ரகு ராய், அப்ப வங்கதேசப் பிரதமரா இருந்த ஷேக் ஹசீனாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினாரு. 107 நாள் ஜெயில். அந்த வருஷ டைம் பத்திரிகையோட வருஷ மனிதர்கள்ல அவரும் ஒருத்தர்.

இதைக் கேளுங்க. அவரைத் தூக்கினது 2018 ஆகஸ்ட் 5. ஹசீனா நாட்டை விட்டு ஹெலிகாப்டர்ல போனது 2024 ஆகஸ்ட் 5. இதுக்கு எந்தப் பஞ்சாங்கம் சரியாச் சொல்லியிருக்கும்னு மட்டும் கமென்ட்ல போடுங்க. அதே 2024-லதான் கல்பனா வழக்கை ரங்கமாட்டி கோர்ட் முடிச்சு வச்சுது. யார் மேலயும் குத்தம் நிரூபணம் ஆகல.

கடைசியா ஒரு பொட்டலம். ஆலமோட அக்கா மகள் சோஃபியா கரீம், லண்டன்ல ஆர்க்கிடெக்ட். மாமாவை விடுதலை பண்ணச் சொல்லிப் போராடினவங்க. டாக்கா தெருவுல சமோசா வாங்கியிருக்காங்க. பொட்டலத்தைப் பார்த்தா, அது கோர்ட்டுல வழக்குப் பட்டியல் அச்சடிச்ச பழைய பேப்பர். 'அரசு எதிர் இன்னார், அரசு எதிர் இன்னார்'னு வரிசையா, மேல எண்ணெய்க் கறை. அதுல இருந்துதான், சிறையில இருக்கிறவங்களுக்காக ஓவியமும் போட்டோவும் அச்சடிச்ச சமோசா பொட்டலங்களைச் செய்ய ஆரம்பிச்சாங்க. லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்துக்கு அதைக் கொண்டுபோறதா இருந்துச்சு, 2020 மார்ச், கொரோனா வந்து கெடுத்துருச்சு.

உங்க ஊர்க் கடையில பஜ்ஜி மடிச்சுக் குடுத்த பேப்பர்ல நீங்க படிச்ச வினோதமான விஷயம் என்ன? எனக்கு ஒரு தடவை பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சைப் பேப்பர் வந்துச்சு, மார்க் 34. ஒரே ஒரு மார்க்குக்காக அன்னைக்கு பஜ்ஜி இறங்கல. உங்களோடதை எழுதுங்க, நல்லதா பத்து எடுத்து அடுத்த வீடியோவுல படிக்கிறேன்.