லாரி ஆக்சில்ல சத்தமா? கிரவுனைத் திறக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

வணக்கம். பின்னாடியிருந்து ஊங்குன்னு ஒரு சத்தம் வந்தா போதும், "கிரவுன் போச்சு"ன்னு சொல்லி உடனே ஹவுசிங்ல, அதாவது ஆக்சில் கூட்டுல, கை வச்சிடறாங்க. கிரவுன்னா ஆக்சிலுக்குள்ள சக்கரத்தைச் சுத்த வைக்கிற பெரிய பல்சக்கரம். திறந்து பார்த்தா பல்லு எல்லாம் நல்லாத்தான் இருக்கும், கோளாறு ஹப்புல, அதாவது சக்கரம் மாட்டியிருக்கிற நடுப்பகுதியில, இருக்கும், இல்லாட்டி டயர்லயே இருக்கும். சத்தம் எந்தப் பக்கம்னு காதை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க, சேஸிஸ் முழுக்க இரும்பு, பின்னாடி மூலைல வர்ற சத்தத்தைக் கேபினுக்கு அடியில வர்ற மாதிரி காட்டிடும். எப்போ வருது, எப்போ மாறுது, எப்போ நிக்குது, இதைத்தான் பிடிக்கணும்.

(திரையில்: சமதள ரோட்டுல ஓடுற லாரி, ஸ்பீடோமீட்டர்)

ஃபேன், ரேடியோ எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, ட்ராஃபிக் இல்லாத சமமான ரோட்டுல சத்தம் நல்லாக் கேக்கிற ஸ்பீடுக்குப் போங்க. கிளட்ச்சை மிதிச்சு இன்ஜினை ஐடிலுக்கு விடுங்க. சத்தமும் சேர்ந்து இறங்கிட்டா இன்ஜின் பக்கம் பாருங்க, வண்டியோட வேகத்தோட மட்டும் இறங்கினா கியர்பாக்ஸ்ல ஆரம்பிச்சு டயர் வரைக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. தார் ரோட்டுலயிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு ஏறினதும் சத்தமே வேற மாதிரி ஆயிடுச்சுன்னா அது டயர். ஆக்சில் சத்தம் ரோட்டைப் பார்த்து மாறாது.

அடுத்தது ஆக்ஸிலரேட்டர், இங்கதான் நிறைய விஷயம் கிடைக்கும். பினியன்னா கியர்பாக்ஸ்லயிருந்து வர்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுத்துற சின்னப் பல்சக்கரம், அதோட பல்லு ஒரு பக்கத்தால கிரவுனைத் தள்ளும், நீங்க காலை எடுத்ததும் சக்கரம் திருப்பித் தள்ளும்போது பல்லோட அடுத்த பக்கம் உக்காரும். அதனால மிதிச்சா கத்துது, விட்டா அடங்குதுன்னா பல்லோட தள்ளுற பக்கத்துல, அதாவது ட்ரைவ் பக்கத்துல, தேய்மானமோ தப்பான செட்டிங்கோ இருக்கலாம். காலை எடுத்ததும்தான் ஊளையிடுதுன்னா அந்த அடுத்த பக்கம், அதாவது கோஸ்ட் பக்கம், கூடவே பினியன் பேரிங்கோட ப்ரீலோடு, அதாவது ஆட்டம் இல்லாம வச்ச இறுக்கம், போயிருக்கான்னும் சந்தேகப்படணும். மிதிச்சாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமுதுன்னா பேரிங் பக்கம் போங்க.

எந்தப் பேரிங்? இதுக்குக் கொஞ்சம் கணக்கு உதவும். கிரவுன்ல 41 பல்லு, பினியன்ல 7 பல்லுன்னு வச்சுக்கோங்க, ரேஷியோ 5.86, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள பினியன் கிட்டத்தட்ட 6 சுத்து சுத்திடும். டயரோட சுற்றளவு சுமார் 3.3 மீட்டர்னா 40 கிலோமீட்டர் வேகத்துல சக்கரம் செகண்டுக்கு 3 சுத்துக்கு மேல, பினியன் சுமார் 20 சுத்து. அதனால பினியன் பேரிங் சத்தம் கீச்சுன்னு வேகமா, குறைஞ்ச ஸ்பீடுலயே கேக்க ஆரம்பிக்கும், வீல் பேரிங் சத்தம் கனமா, மெதுவா உருளும். டக்... டக்...னு சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு தடவை வந்தா கிரவுன்ல ஒரு பல்லு மூக்கு உடைஞ்சிருக்கலாம், டயர்ல கல்லு மாட்டியிருக்கான்னு முதல்ல பார்த்துக்கோங்க.

வளைவுல மட்டும் வர்ற சத்தம் தனி கேஸ். கிரவுனோட சேர்ந்து சுத்துற கேஜ்ங்கிற கூட்டுக்குள்ள ஸ்டார் பினியன், சன் கியர்னு சின்னப் பல்சக்கரங்கள் இருக்கு, நேரா போகும்போது அதுங்க கேஜோட ஒண்ணாத்தான் சுத்தும், ஒண்ணுக்கொண்ணு உருளாது. ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல போனாத்தான் அதுங்களுக்கு வேலை. அதனால திரும்பும்போது மட்டும் கடகடன்னா அதுங்களையும், ஸ்டார் பினியனைத் தாங்குற கிராஸையும் வாஷரையும் பாருங்க. ஆனா நேராவும் உறுமுது, வலது பக்கம் திருப்பினா ஜாஸ்தியாகுதுன்னா இடது ஹப்பு, ஏன்னா லோடு அந்தப் பக்கம் சாயும்.

(திரையில்: ஸ்டாண்டு மேல நிக்கிற ஆக்சில்)

இப்போ வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். தரையில இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஆக்சிலுக்கு அடியில ஸ்டாண்டு, வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகவே போகாதீங்க. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி கியர் போட்டு இன்ஜின்ல சுத்தறதும் வேண்டவே வேண்டாம், ஒரு நொடி கிரிப் கிடைச்சா வண்டி ஜாக்கியைத் தள்ளிட்டு ஓடிடும்.

சக்கரத்தைக் கையால சுத்துங்க, இன்னொரு கையை ஸ்பிரிங் பட்டை மேல வைங்க, பேரிங்ல குழி விழுந்திருந்தா காதுக்குக் கேக்காட்டியும் கைக்கு மணல் அரைக்கிற மாதிரி வரும். அப்புறம் மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. முன் சக்கரம்னா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க, ஆட்டம் நின்னுட்டா பேரிங், நிக்கலைன்னா கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்புற அச்சு. டயல் கேஜ் வச்சு அளந்தா வீல் பேரிங் எண்ட் ப்ளே, அதாவது உள்ள வெளிய நகர்ற ஆட்டம், பொதுவா 0.025 மில்லிமீட்டர்ல இருந்து 0.127க்குள்ள இருக்கணும், உங்க வண்டி மேனுவல் வேற அளவு சொன்னா அதான் சரி.

ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில்னா, அதாவது லோடை ஷாஃப்ட் சுமக்காம ஹவுசிங் சுமக்கிற வகைன்னா, இன்னொரு நல்ல வழி இருக்கு, ஹப்பைக் கழட்டாமலே ஷாஃப்டை மட்டும் உருவிடலாம், கீழ ஒரு ட்ரே வச்சுக்கோங்க, ஆயில் ஊத்தும். இப்போ ஹப்பு தனியா சுத்தும், அப்பவும் கரகரப்பு இருந்தா கிரவுன் மேல பழி போட வேண்டியதே இல்ல.

கடைசியா ஆயில். ட்ரெயின் பிளக் காந்தத்துல வழவழன்னு சாம்பல் பேஸ்ட் இருந்தா சாதாரணத் தேய்மானம். விரல்ல தேய்ச்சா மினுமினுன்னு செதில் தெரிஞ்சா பேரிங் உரியுது, கூரான துண்டு வந்தா பல்லு. பால் மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு, ஆக்சிலுக்குள்ள காத்து போய் வர்ற துளையான ப்ரீதரையும் சேர்த்துப் பாருங்க, அது அடைச்சா உள்ளே பிரஷர் ஏறி சீல் வழியா ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் பிரேக் லைனிங்ல போய் உக்காரும்.

கியர் போட்டதும் டொம்முனு ஒரு இடி விழுதுன்னா இன்ஜினை ஆஃப் பண்ணி, கியர்ல விட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால முன்னும் பின்னும் திருப்புங்க. யூ ஜாயிண்ட் கிராஸ், ஸ்ப்ளைன், அப்புறம் பினியன் ஃப்ளேஞ்ச், இந்த வரிசையில ஆட்டத்தைத் தேடுங்க. ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோட பிடிக்கிற யூ போல்ட் லூசா இருந்தாலும் இதே இடிதான், ஆக்சில் நகர்ந்து டயரும் ஒரு பக்கமா தேயும்.

இவ்வளவும் பார்த்து அப்புறமும் கிரவுன்தான்னு வந்தா கிரவுனையும் பினியனையும் ஜோடியாத்தான் மாத்தணும், ஃபேக்டரில ஒண்ணோட ஒண்ணு உரசி ஜோடி சேர்த்தது. மாட்டினதும் பல்லுல மார்க்கிங் பேஸ்ட் பூசி கான்டாக்ட் எங்க விழுதுன்னு பார்க்காம மூடாதீங்க. ஓடிட்டு இருக்கும்போது ஒரு ஹப்பு மட்டும் மத்ததை விடக் கொதிக்குது, ஆயில் கருகுற வாசனை வருதுன்னா இந்த டெஸ்ட் எதுவும் வேண்டாம், ஓரமா நிறுத்துங்க, அந்த நிலைமையில லோடோட இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினா சக்கரமே கழண்டு போகலாம்.