மின்னாத கல்

நேயர்களுக்கு வணக்கம். ரத்தினக் கண்காட்சி என்றதும் எல்லோருக்கும் வைரம்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அப்படி மின்னாத ஒரு கல்லைப் பற்றி.

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன் ரத்தினக் கூடங்களை 2021இல் புதுப்பித்துத் திறந்தது. அங்கே 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்றொரு நீலக்கல் இருக்கிறது. எடை 563 காரட், அதாவது 112 கிராமுக்கும் மேல். பெயரில்தான் இந்தியா, கிடைத்தது இலங்கையில். பெரும் பணக்காரர் ஜே. பி. மார்கன் 1900இல் கொடுத்தது.

நிறம் சாம்பல் கலந்த மங்கிய நீலம். இதே நிறத்தில் ஒரு சின்னக் கல்லை நகைக்கடையில் எடுத்து வைத்தால், "வேற காட்டுங்க" என்போம். ஆனால் குவித்து வழுவழுப்பாக்கிய அதன் மேற்பரப்பில் ஒற்றை விளக்கின் ஒளி பட வேண்டும். ஆறு கதிர்களோடு ஒரு வெள்ளை நட்சத்திரம் எழுந்து வரும். நாம் கொஞ்சம் நகர்ந்தால் அதுவும் நகரும். இந்தக் கல்லின் அடிப்புறத்திலும் நட்சத்திரம் உண்டு, அது அபூர்வம்.

காரணம், கல்லுக்குள் இருக்கும் ரூட்டைல் என்ற கனிமம். கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக, நீலக்கல்லின் படிக அமைப்பை ஒட்டி மூன்று திசைகளில் அது படிந்திருக்கிறது. ஒளி அதில் பட்டுச் சிதறுவதுதான் நட்சத்திரம். கல்லை மங்கலாக்குவதும் அதே ஊசிகள்தான். இன்று மங்கலான நீலக்கற்களை உலையில் கடும் சூட்டில் வைத்துத் தெளிவாக்குகிறார்கள். ஊசிகள் கரைந்துவிடும், நட்சத்திரமும் போய்விடும். வியாபாரத்துக்குச் சரி, எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை.

அப்புறம் அந்தத் திருட்டு. 1964 அக்டோபர் 29 இரவு, ஜாக் மர்பி என்ற அலைச்சறுக்கு வீரரும் கூட்டாளிகளும் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார்கள். காற்றுக்காக அந்த ஜன்னல்களைத் திறந்து வைப்பது வழக்கமாம்! இந்தக் கல் இருந்த பெட்டிக்கு மட்டும் அபாய மணி இருந்தது. அதிலும் பேட்டரி தீர்ந்திருந்தது. கற்களுக்குக் காப்பீடும் இல்லை.

இரண்டே நாளில் ஆட்கள் பிடிபட்டார்கள். ஜனவரியில் மயாமி பேருந்து நிலையத்தின் ஒரு லாக்கரிலிருந்து நட்சத்திரக்கல் மீண்டது. கூடவே திருடுபோன டிலாங் என்ற மாணிக்கத்தை மீட்க 25,000 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. ஈகிள் என்ற வைரம் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. வைரத்தைத் துண்டுபோட்டு விற்றால் யாருக்கும் அடையாளம் தெரியாது. இந்த நீலக்கல்லை உடைத்திருந்தால் மங்கலான சில்லுகள்தான் மிஞ்சியிருக்கும். முழுசாக விற்கப் போனால் உடனே தெரிந்துவிடும். அதனால்தான் அது தப்பித்தது என்பது என் கணிப்பு.