எங்கள் வீட்டு உறவுகள் அந்தத் திரையில் இல்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும், சனசமூக நிலைய நிர்வாகத்தினருக்கும், முன்னுக்குப் பாய் விரித்து இருக்கிற அம்மாமாருக்கும் வணக்கம்.

மனித உறவுகளைச் சினிமாவும் தொலைக்காட்சி நாடகங்களும் உள்ளபடி காட்டுகின்றனவா, திரித்துக் காட்டுகின்றனவா என்பதுதான் கேள்வி. திரித்தே காட்டுகின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் 'பாசமலர்' படத்தை எடுத்து வைத்தார். 1961இல் வந்த படம், இன்றைக்கும் அண்ணன் தங்கை என்றால் அதைத்தானே சொல்கிறோம், வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்டார். நானும் அதைப் பார்த்து அழுதவள்தான். சிவாஜியின் நடிப்பிலும் சாவித்திரியின் நடிப்பிலும் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதை எங்கே போய் முடிகிறது? அண்ணனும் சாகிறான், தங்கையும் சாகிறாள். பாசம் இருந்தது என்று காட்ட இரண்டு உயிர் போக வேண்டியிருக்கிறது. பிறகு வந்த எத்தனையோ படங்களில் அண்ணன் தங்கைக்காக அரிவாள் தூக்கினான், ஜெயிலுக்குப் போனான்.

எங்கள் யாழ்ப்பாணத்து அண்ணன் எப்படிப்பட்டவர்? பாரிசிலோ ரொறன்ரோவிலோ உணவகக் குசினியில் கோப்பை கழுவிக் காசு அனுப்பியவர். மூத்த தங்கைக்கு வீடு கட்டினார். அடுத்தவளுக்கு நகை செய்தார். கடைசித் தங்கையின் கலியாணத்தை, விசா சரிவராததால், வீடியோவில்தான் பார்த்தார். அதற்குள் அவருக்கே நாற்பது தாண்டிவிட்டது. அவர் வசனம் பேசவில்லை. போன் எடுத்தால் "காசு வந்ததோ, சாப்பிட்டியளோ" என்பதோடு சரி. தங்கைமாருக்கு அவர்மேல் உயிர். கூடவே, அவருடைய இளமையைத் தாங்கள் தின்றுவிட்டோமோ என்ற குற்றவுணர்வும் இருக்கிறது. அண்ணையைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்க ஏலாது என்ற எரிச்சலும் இருக்கிறது. இவ்வளவும் ஒரே மனதுக்குள் இருப்பதுதான் உறவு. திரைக்குக் கண்ணீர் மட்டும் போதும். மற்றவற்றை அது தொடுவதே இல்லை.

இனி நாடகங்களுக்கு வருகிறேன். சன் தொலைக்காட்சி தொடங்கிய 1993இல் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை. பிறகு கரண்ட் வந்து, டிஷ் வந்து, கேபிளும் வந்தபோது பின்னேரமானால் வீட்டுக்குள் மாமியார் மருமகள் சண்டை வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கே நான் ஒன்று கேட்க வேண்டும். அது எந்த ஊர்ச் சண்டை?

இந்த மண்ணின் வழக்கத்தைப் பாருங்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே தாயின் சொத்து மகளுக்குச் சீதனமாகப் போகிறது. அதனால்தான் கலியாணம் முடிந்ததும் பல வீடுகளில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மருமகள் தன் தாயோடு மானிப்பாயில் இருப்பாள். மாமி கோண்டாவிலில் இருப்பார். எங்களுக்குள் பிரச்சினை இல்லை என்று சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. எழுதித் தருவதாகச் சொன்ன காணியை எழுதித் தரவில்லை என்று முகம் கொடுக்காத மருமகன் இருக்கிறார். ரோட்டுக்கரைத் துண்டு யாருக்கு என்று வருடக்கணக்காகப் பேசாமல் இருக்கிற அக்கா தங்கை இருக்கிறார்கள். வீட்டை மகளின் பெயருக்கு எழுதிவிட்டு, அதே வீட்டில் விருந்தாளி போல ஒடுங்கி நடக்கிற தாய் இருக்கிறார். அந்தத் தாயின் கதையை எந்த நாடகத்திலும் நான் பார்க்கவில்லை. பாலில் விஷம் கலக்கிற மாமியாரைத்தான் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்போடு வருகிற மாமியையும் எங்கள் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள்.

நாடகங்கள்தான் பெண்ணை நாயகியாக்கின என்று எதிரணியில் சொன்னார்கள். உண்மைதான், அது பெரிய விஷயம். ஆனால் நாடகம் ஓடுகிற விதத்தையும் பாருங்கள். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1500 பாகங்களுக்கு மேல் போனது. அவ்வளவு நாள் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு இரவும் ஒரு முடிச்சோடு நிற்க வேண்டும், நாளைக்கும் ஆட்கள் வர வேண்டும், விளம்பரம் வர வேண்டும். நாடகத்தில் முடிச்சு என்றால் பெரும்பாலும் ஒருவர் மற்றவரிடம் மறைக்கிற விஷயம்தான். மனைவி கணவனைக் கூப்பிட்டு "இது உண்மையா?" என்று கேட்டால் அன்றைக்கே கதை முடிந்துவிடும். அதனால் கேட்கவே விடமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பாள், பாதியைக் கேட்டுவிட்டு அழுவாள். மனிதர் உறவைக் காப்பாற்றுகிற முதல் காரியமே முகம் பார்த்துக் கேட்பதுதான். அதைச் செய்யாமல் இருந்தால்தான் இந்த வியாபாரம் நடக்கும்.

காதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். ரியூசன் விட்டு வரும்போது ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிற பெடியனுக்குப் பயந்து பாதை மாறிப் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அவன் பார்த்த படங்களில் வேண்டாம் என்றவள் இடைவேளைக்குப் பிறகு சிரிக்கிறாள். பின்னால் போனவன் கதாநாயகன். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. அதே காரியத்துக்குத் திரையில் பாட்டும் மழையும் கிடைக்கின்றன. இதைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிட என்னால் முடியாது ஐயா. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

சனம் கேட்பதைத்தானே கொடுக்கிறார்கள் என்பது எதிரணியின் கடைசி வாதம். காட்டாத ஒன்றைச் சனம் எப்படிக் கேட்கும்? 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் இங்கே வந்து 'பொன்மணி' எடுத்தார். சீதனத்துக்காகக் காத்திருக்கிற பெண்கள், சாதி தாண்டிய காதல், அதற்கு அந்தக் குடும்பம் கொடுக்கிற விலை எல்லாம் அதில் இருந்தன. எங்கள் மொழி அவருக்குத் தாய்மொழி அல்ல. ஆனாலும் எங்கள் விறாந்தையில் இருந்து எங்களைப் பார்த்தார். ஆகவே முடியாத காரியம் இல்லை. பெருந்திரைக்கும் சின்னத்திரைக்கும் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டத்தில் தாய்மாரும் மனைவிமாரும் அவர்களின் படத்தோடு இருந்தார்கள். கணவன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், பொட்டு வைப்பதா விடுவதா என்று ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் யோசிக்கிற மனைவி இந்த மாகாணத்தில் இருக்கிறாள். அவளுக்கும் அவள் கணவனுக்கும் நடுவில் இருப்பதும் ஓர் உறவுதான். அடுத்துப் பேச வருகிற எதிரணி அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் இரவில் பார்க்கிற தொலைக்காட்சி நாடகங்களில் அந்தப் பெண் எதில் வருகிறாள்? பெயரைச் சொல்லுங்கள். நான் இங்கேயே இருந்து கேட்கிறேன்.

வணக்கம்.