போஸ்டர் முன்னால் நின்ற மாணவி

வணக்கம் நேயர்களே. உங்கள் உறவில் உளவியல் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால், "இந்தக் கேள்விகளுக்குக் கொஞ்சம் பதில் போட்டுத் தாங்களேன்" என்று ஒருநாள் உங்களிடமும் கேட்டிருக்கும். நீங்களும் போட்டுக் கொடுத்து மறந்திருப்பீர்கள். அந்தப் பதில்கள் கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, ஆய்வுக் கருத்தரங்கு. பல வருடங்களாக இளங்கலை மாணவர்களை அங்கே அழைத்துப் போகிறேன்.

ஒரு கருத்தரங்கில் மாணவி ஒருத்தி தன் போஸ்டர் முன்னால், அதாவது ஆய்வைச் சுருக்கி எழுதி மாட்டியிருந்த பெரிய தாள் முன்னால், நின்றிருந்தாள். நின்றிருந்தாள் என்பதைவிட, மறைத்துக்கொண்டிருந்தாள் என்றே சொல்ல வேண்டும். முடிவுகள் இருந்த பகுதிக்கு நேராகத் தோளை வைத்திருந்தாள். என்ன ஆய்வம்மா என்று கேட்டேன். "ஸ்ட்ரூப் சோதனைதான் சார். ஆனா எதுவும் வரல, சாரி" என்றாள்.

ஸ்ட்ரூப் சோதனையை ரேடியோவிலேயே சொல்லிவிடலாம். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தைத்தான் சொல்ல வேண்டும். வாய் 'சிவப்பு' என்றே வரப் பார்க்கும், ஒரு கணம் தடுமாறித்தான் 'பச்சை' வரும். ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1935இல் வெளியிட்டது இது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இந்தத் தடுமாற்றம் கூடுமா என்று அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். கூடவில்லை.

எப்படிச் செய்தாய் என்று கேட்டதும் தோள் விலகியது. ஒவ்வொருவருக்கும் ஒரே சத்த அளவு, பாதிப் பேருக்குப் பாட்டு முதலில், மீதிப் பேருக்கு அமைதி முதலில். இவ்வளவு கவனமாகச் செய்துவிட்டு எதற்கு சாரி? வேறுபாடு தெரியவில்லை என்பதும் ஒரு முடிவு. இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: அதுவும் ஒரு முடிவு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எதிர்பார்த்தது கிடைத்த ஆய்வுகள் அச்சேறும், கிடைக்காதவை மேஜை இழுப்பறையில் கிடக்கும். 1979இல் ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாளர் இதற்கு 'ஃபைல் டிராயர்' பிரச்சினை என்றே பெயர் வைத்தார். அப்புறம் 2015இல், வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, அதாவது முடிவை வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாதவை. திரும்பச் செய்தபோது தேறியது 36 சதவீதம்தான். இழுப்பறைக்குள் போனவையும் வெளியே வந்திருந்தால் இந்த அதிர்ச்சி இவ்வளவு இருந்திருக்காது என்பது என் எண்ணம். பிள்ளைகள் 'வரல' என்று சொல்லக் கூச்சப்படாத இடமாகக் கருத்தரங்கு இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன், "வேறு ஏதாவது செய்து பார், வரும்" என்று பிள்ளையைத் தூண்டாதீர்கள். வரும்வரை கணக்கை மாற்றி மாற்றிப் போட்டால் ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும்.

சரி, நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மேடைப் பயத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கிற நடுக்கம் நாம் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். அடுத்த வாரம் கருத்தரங்குக்குப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால், இன்று இரவே இதைச் சொல்லிவிடுங்கள். வணக்கம்.